சரித்திரமும் சான்றும்

மக்கட் கூட்டம் ஒவ்வொன்றும் தன் முன்னோரைப் பற்றி அறிய விரும்புதல் இயல்பே. அவ்விருப்பம் நன்று. ஆயினும் விருப்பம் வேறு, அறிவு வேறு. முன்னோர் பட்ட பாட்டை நினைந்து கண்ணீர் உகுப்பதற்கு ஆதாரம் வேண்டுவதில்லை. அப்பாட்டைப் பிறர் அறியக் கூறி நியாயம் கேட்பதற்கோ ஆதாரம் இன்றியமையாதது. ஆதாரமின்றிப் பேசுவோன் கூறும் உண்மையும் பொய்யென்றே ஒதுக்கப்படும். புராணம் படிப்போரைப் பார்த்து, ‘இதற்குச் சான்று எங்கே?’ என்று துணிந்து கேட்கப் பழகிய நாம், நம்முடைய சொந்தச் சரித்திரத்தைப் பேசப் புகுந்தவுடன் அக்கேள்வியை மறந்துவிடுகிறோம். இக்குற்றம் பிறரிடம் மட்டும் உள்ளதன்று, நம்மிடமும் இருந்தது. அது நமக்கு உணர்த்தப்பட்ட வகையையும், அதன்பின் நாம் கற்றுக்கொண்ட முறையையும் நேயர்களுக்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில திங்களுக்கு முன்னர்ப் பண்டமாரானில் வாசகர் சிலர் கூடிய ஒரு சிறு கூட்டத்தில், 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்தனர். நாமும் ஒப்பினோம். பேச்சின் நடுவே, ‘நூற்றுக்கணக்கான தோட்டத் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்று குரலை உயர்த்திக் கூறினோம். அவையோர் கைகொட்டினர். கூட்டம் கலைந்தபின், பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவி ஒருவர் நம்மை அணுகினார். அவர் அவ்வேலைநிறுத்தத்தைப் பற்றியே ஆய்வேடு எழுதத் தொடங்கியிருப்பவர். “ஐயா, நூற்றுக்கணக்கானவர் என்றீர்களே, அஃது எந்த நூலில் உள்ளது? ஆய்வேட்டில் குறிக்க வேண்டும்” என்று பணிவோடு வினவினார்.

நாம் கைபேசியை எடுத்து, அச்செய்தியைப் படித்த இணையப் பக்கத்தைக் காட்டினோம். அவர் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எழுதியவர் பெயர் இல்லை. எழுதிய நாள் இல்லை. எந்த நூலிலிருந்து எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. கடைசியில் வேறொரு பக்கத்திற்கு வழி காட்டப்பட்டிருந்தது. அதைத் திறந்தோம். அஃது இன்னொரு பக்கத்தைச் சுட்டியது. அந்த மூன்றாவது பக்கமோ, நாம் முதலில் காட்டிய பக்கத்தையே தனக்கு ஆதாரமாகக் கூறிற்று! செக்கு மாடு சுற்றியது போலச் சுற்றி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தோம். “பரவாயில்லை, ஐயா. நான் வேறு தேடிப் பார்க்கிறேன்” என்று கூறி அவர் விடைபெற்றார். அவர் நகைக்கவில்லை. நகைத்திருந்தால் நமக்கு இவ்வளவு நாணம் உண்டாகியிருக்காது. அன்றிரவே நாமும் தேடத் தொடங்கினோம்.

முதலில் நிகழ்ச்சி இன்னதென்பதைச் சுருங்கக் கூறுவோம். அந்நாளில் இப்பகுதியைச் சுற்றி எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. பால் வெட்டும் தமிழ் ஆடவருக்கு நாட்கூலி 50 காசு அளவிலேயே இருந்தது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர் அதனினும் மிகுதியாகப் பெற்றனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதைத் தடுத்துவிட்டது. ஐரோப்பாவில் போர் மூண்டபின் ரப்பருக்குத் தேவை பெருகிற்று. சாமான்களின் விலையும் ஏறிற்று. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. இந்நிலையில், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர். எச். நாதன் என்பார், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளரை ஒன்று திரட்டினார். 1941ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் தோட்டந்தோட்டமாகப் பரவிற்று. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் கைதானதைக் கேட்டுத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாய்ந்தன. இவ்வளவும் ஐயத்திற்கு இடமற்ற செய்திகள். மாய்ந்த உயிர்கள் எத்தனை என்பதே அம்மாணவியின் கேள்வி.

இக்காலத்தில் இவ்வகைக் கேள்விக்கு விடை தேடுவோன் முன்னாளில் எவருக்கும் வாய்க்காத வசதியைப் பெற்றிருக்கிறான். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் அந்நாட்டின் பழைய பத்திரிகைகளைப் படம் பிடித்து, எவரும் வீட்டிலிருந்தே காணுமாறு இணையத்தில் வைத்துள்ளது. 1845ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ முதலாகப் பல தாள்கள் அங்கே உள. பிரிட்டிஷ் பாராளுமன்ற விவாதங்களும் அவ்வாறே கிடைக்கின்றன. தமிழ் நூல்களுக்கு 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து ஏடுகளுக்கு 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் திட்டமும், தமிழ்நாட்டு அரசின் தமிழிணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகமும் உள. பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரத்தில் ஒரு தொழிலாளியின் மகள் நூறாண்டுப் பழைய பத்திரிகையைப் புரட்டுகிறாள். இது சிறிய மாறுதலன்று.

ஆயினும் கதவு திறந்திருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது கைக்கு வந்துவிடாது. நாம் முதலில் ‘போர்ட் கிள்ளான்’ என்ற பெயரை இட்டுத் தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. ‘அந்நாளில் ஒருவரும் எழுதவில்லை போலும்’ என்று முடிவு கட்டவும் இருந்தோம். பிறகே நினைவு வந்தது: இத்துறைமுகத்திற்கு 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதன்றோ பெயர்! இவ்வாறே ‘மலேசிய இந்தியர்’ என்று தேடினால் 1941ஆம் ஆண்டின் தாளில் என்ன கிடைக்கும்? அந்நாள் ஆங்கிலத் தாள்கள் ‘கூலி’ என்றும், ‘தமிழ் லேபரர்’ என்றும் எழுதின. இன்னும் பழைய தாள்களில் ‘கிளிங்’ என்ற இழிசொல்லும் வரும். நாம் ‘போராட்டம்’ என்று போற்றுவதை அவை ‘டிஸ்டர்பன்ஸ்’ என்றே குறித்தன. அஃதாவது அமைதிக் குலைவு. ஊர்ப்பெயரின் எழுத்தும் ஒன்றுபோல் இராது. கிள்ளானை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பர். அன்றியும், மங்கிய அச்சைப் பொறி படித்து எழுத்தாக்கும்போது பிழைகள் நேர்கின்றன. ஓர் எழுத்து மாறினாலும் தேடுவோன் கண்ணுக்கு அத்தாள் தப்பிவிடும். ஆதலால், எக்காலத்தைத் தேடுகிறோமோ அக்காலத்தார் வாயில் வழங்கிய சொல்லைக்கொண்டே தேடவேண்டும். சொல் கசப்பாயினும் அதுவே திறவுகோல். தேடி அகப்படாவிட்டால், ‘இல்லை’ என்று கூறுவதற்கு முன் ‘வேறு பெயரால் தேடினோமா?’ என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

தேடி எடுத்தபின் எடைபோடும் வேலை வருகிறது. இதுவே கடினமானது. பத்திரிகைச் செய்தி ஒன்று கையில் வந்தவுடன் நமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. ‘அக்காலத்துச் சான்று! இதைவிட உறுதியானது எது?’ என்று எண்ணினோம். ஆனால் அவ்வகைச் செய்திகளை நிதானமாகப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. செய்தியாளர் நேரில் கண்டது எவ்வளவு, அரசாங்கம் எழுதிக் கொடுத்தது எவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். ‘அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படுகிறது’ என்று தொடங்கும் வாக்கியம் பத்திரிகையின் குரலன்று, அரசாங்கத்தின் குரல். லண்டன் பாராளுமன்றத்தில் மந்திரி ஒருவர் காலனி நாட்டு நிகழ்ச்சியைப் பற்றி விடை கூறுகிறார் என்றால், அவ்விடையும் இங்கிருந்த அதிகாரிகள் தந்தியில் அனுப்பிய செய்தியைப் பெரும்பாலும் தழுவியதே. பின்னர் வெளிவரும் ஆண்டறிக்கையும் அதனையே திருப்பிக் கூறும். மேலோடு பார்ப்பவன், ‘பத்திரிகை கூறுகிறது, பாராளுமன்றம் கூறுகிறது, அறிக்கை கூறுகிறது, சான்று மூன்று’ என்பான். ஆராய்பவன், ‘வாய் மூன்று, குரல் ஒன்று’ என்பான். சான்றுகளை எண்ணுதல் போதாது; அவை ஒன்றையொன்று சாராமல் தனித்து நிற்கின்றனவா என்று காணுதல் வேண்டும். நாம் மாணவிக்குக் காட்டிய மூன்று இணையப் பக்கங்களும் இக்குற்றத்திற்கு ஆளானவையே. அவை தொழிலாளர் பக்கம் நின்று பேசின என்பதால் குற்றம் நீங்கிவிடாது.

அங்ஙனமாயின் தனித்த குரல்கள் எங்கே கிடைக்கும்? வெவ்வேறு நலமுடையோர் எழுதியவற்றை அருகருகே வைத்தால் கிடைக்கும். தோட்ட முதலாளிகளின் சங்கம் ஒன்று கூறும். மலாயா அரசாங்கம் ஒன்று கூறும். 1936ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலாயா மத்திய இந்தியச் சங்கம் மற்றொன்று கூறும். இந்திய அரசாங்கம் இங்கே அமர்த்தியிருந்த ஏஜெண்ட் வேறொன்று கூறுவார். பகைவர் இருவரும் ஒரு செய்தியை ஒப்புக்கொள்வாராயின், அச்செய்தி பெரிதும் நம்பத்தக்கது. அவர்கள் மாறுபடும் இடத்திலேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. நம்மவர் எழுதியதாயின் சரியாகவே இருக்கும் என்ற எண்ணமும் வேண்டா. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்து இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்வையிட்டு, 1937ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்ட ரைட் ஆனரபிள் சீனிவாச சாஸ்திரியார் தமிழர், கல்வியிற் பெரியவர். ஆயினும் அவர் சில வாரங்களே இங்கே இருந்து பார்த்தவர். அவ்வறிக்கை தோட்ட நிலைமையைப் பெரிதும் நல்லதாகவே கூறிற்றென இங்கிருந்த இந்தியர் பலர் குறைபட்டுக்கொண்டனர். எழுதியவர் யார் என்பதோடு, எவ்வளவு காலம் கண்டார், யார் அழைத்துச் சென்று காட்டக் கண்டார் என்பவற்றையும் கேட்கவேண்டும் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

அரசாங்கக் கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய மலாய் ஐக்கிய நாடுகளைப் பற்றிய காலனி அலுவலகக் கோப்புகள் லண்டனை அடுத்த கியூ என்னும் இடத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில், சி. ஓ. 717 என்ற வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. கிள்ளான் வேலைநிறுத்தத்தை ஆராய்ந்தோர் அவ்வரிசையைப் பயன்படுத்தியுள்ளனர். அக்காப்பகத்தின் பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பட்டியலில் கோப்பின் தலைப்பு வரும். உள்ளே இருப்பது வராது. தலைப்பைப் பார்த்துவிட்டுக் கோப்பைப் படித்ததாக எழுதுவது, உணவுக் கடைப் பட்டியலைப் படித்துவிட்டுப் பசியாறியதாகக் கூறுவதை ஒக்கும். மூல ஆவணத்தைக் கண்டவன் ‘கண்டேன்’ என்று எழுதுக. வேறொருவர் நூலில் எடுத்தாளக் கண்டவன் ‘இன்னார் நூலில் கண்டேன்’ என்று எழுதுக. இதில் இழிவொன்றும் இல்லை. இழிவு மறைப்பதில்தான் உளது.

இக்கோப்புகளைக் கண்டு எழுதிய அறிஞர் நூல்கள் சில உண்டு. மைக்கேல் ஸ்டென்சன் என்பார் மேற்கு மலேசிய இந்தியரைப் பற்றி 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்று. கிள்ளான் வேலைநிறுத்தத்தையே பொருளாகக்கொண்டு எச். இ. வில்சன் என்பார் எழுதி, 1981ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் வெளியிட்டது மற்றொன்று. இவற்றைப் போன்ற நூல்களை ஏன் நம்பலாம்? அச்சில் வந்தமையால் அன்று; பட்டம் பெற்றவர் எழுதியமையாலும் அன்று. ஒவ்வொரு செய்திக்கும் அஃது எங்கிருந்து வந்தது என்பதை அடிக்குறிப்பில் காட்டி, ‘ஐயமுண்டாயின் நீயே சென்று பார்’ என்று வாசகனுக்கு வழி விடுவதால் நம்பலாம். நல்ல ஆய்விதழில் கட்டுரை அச்சேறுமுன் அத்துறை வல்லுநர் அதனைப் படித்துக் குறை காட்டுகின்றனர். அதுவும் ஒரு காவலே. ஆயினும் காவலற்ற இதழ்களும் ஆய்விதழ் என்ற பெயரைத் தாங்கி இணையத்தில் உலவுகின்றன. பணம் செலுத்தினால் எதையும் படித்துப் பாராமலே அவை வெளியிடும். ஆதலால் இதழின் பெயரழகில் மயங்காது, அதன் ஆசிரியர் குழுவில் இருப்போர் யார், அவ்விதழை வேறு அறிஞர்கள் எடுத்தாள்கின்றனரா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

விக்கிப்பீடியாவைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். அதனை இகழ்தலும் வேண்டா, அதனோடு நின்றுவிடுதலும் வேண்டா. அதன் பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள் பட்டியலே ஆராய்வோனுக்குப் பயன்படுவது. அதன்றியும், ஒவ்வொரு வாக்கியமும் என்று சேர்க்கப்பட்டது என்பதை அதன் வரலாற்றுப் பக்கம் காட்டும். ஒரு செய்தி பல இடங்களில் காணப்பட்டால், எது முந்தியது, எது அதைப் பார்த்து எழுதியது என்று இதனால் கண்டுபிடிக்கலாம். நாம் சுற்றி வந்த செக்கை உடைப்பதற்கு நாட்களை ஒப்பிடும் இம்முறையே உதவிற்று.

அண்மைக் காலத்தில் இன்னும் பெரிய இடர் ஒன்று தோன்றியுள்ளது. கேட்டவுடன் விடை எழுதித் தரும் பொறிகள் வந்துள்ளன. அவை அழகாக எழுதுகின்றன. ஆனால் சிற்சில வேளைகளில் இல்லாத நூலை உள்ளதாகவும், எழுதாத கட்டுரையை எழுதியதாகவும், ஆண்டும் பக்கமும் இட்டுக் காட்டிவிடுகின்றன. 2023ஆம் ஆண்டில் நியூயார்க்கில், சாட்ஜிபிடி என்னும் பொறி தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டினர். அத்தீர்ப்புகள் எங்கும் வழங்கப்பட்டவை அல்ல எனத் தெரிந்தபின், வழக்கறிஞர் இருவருக்கும் அவர்தம் நிறுவனத்திற்கும் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் கற்றவர்க்கே இக்கதியாயின், நம் பிள்ளைகள் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்! பொறி ஒரு நூலின் பெயரைக் கூறினால், அந்நூலை நூலகப் பட்டியலில் தேடுக. கிடைத்தால் பக்கத்தைத் திறந்து படிக்க. அதன் பின்னரே எடுத்தாள்க.

இவ்வாறு சோதித்தறியும் வழக்கம் இணையத்தோடு வந்ததன்று. 1440ஆம் ஆண்டில் இத்தாலியில் லோரென்சோ வல்லா என்னும் அறிஞர், கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி போப்புக்கு நாட்டைத் தானம் செய்ததாகக் கூறும் சாசனத்தை ஆராய்ந்தார். அதில் வரும் சொற்கள் அச்சக்கரவர்த்தியின் காலத்தில் வழங்கியவை அல்ல என்று காட்டி, அச்சாசனம் போலியென நிறுவினார். பன்னூறு ஆண்டுகளாகப் பெரியோர் நம்பினர் என்பதும், மதத்தலைமை அதைத் தாங்கிற்று என்பதும் அவரைத் தடுக்கவில்லை. நம் நாட்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் பதிப்பிக்குமுன், ஊரூராக அலைந்து ஏட்டுச்சுவடிகள் பலவற்றைத் தேடி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராயிருந்த தனிநாயகம் அடிகள், 1679ஆம் ஆண்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் படியை ரோமாபுரியில் கண்டு, 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து அதனை மீண்டும் வெளியிட்டார். இவர்கள் மூவரும் வெவ்வேறு நோக்கமுடையோர்; ஆனால் ‘கேள்விப்பட்டேன்’ என்பதோடு அமையாமல் மூலத்தைத் தேடிச் சென்றனர் என்பதில் ஒன்றுபட்டவர். அவர்கள் கப்பலிலும் மாட்டுவண்டியிலும் சென்று தேடியதை நாம் விரல் நுனியால் தேடுகிறோம். ஆயின், அவர்கள் கொண்டிருந்த ஐயத்தை மட்டும் கைவிட்டோம்.

இனி நம்மைப் பற்றிய உண்மை ஒன்றையும் கூறாமல் விடுதல் முறையாகாது. நாம் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்துப் பிழைப்பவர். தோட்டத்துச் சரித்திரத்தின் எழுத்துச் சான்றுகளுள் பெரும்பகுதி நம் தொழிலினர் கையால் எழுதப்பட்டது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவரைச் செக்ரோலில் பதிந்தவர் கிராணி. கூலிக் கணக்கை எழுதியவரும் கிராணியே. அவ்வேட்டைத் திறந்தால் ஒரு பெயருக்கு நேரே அன்று வேலைக்கு வந்தாரா, எவ்வளவு கூலி சேர்ந்தது என்று காணலாம். ஏன் வரவில்லை என்று காண முடியாது. காய்ச்சலால் படுத்தவரும், குழந்தையைப் புதைக்கச் சென்றவரும், நீதி கேட்டு நின்றவரும் அங்கே ஒரே குறிதான். ஏடு பொய் கூறவில்லை. தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் விடை கூறிற்று. ஆதலால் எந்த ஆவணத்தையும் கையில் எடுத்தவுடன், ‘இது யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது?’ என்று வினவுதல் வேண்டும். அந்நோக்கத்திற்கு வெளியே உள்ளதை அதனிடம் எதிர்பார்த்தல் தவறு.

இன்னொன்று. 1941ஆம் ஆண்டின் தொழிலாளர் கோரிக்கைகளைப் பற்றி ஆராய்ச்சி நூல்கள் கூறுவதைப் படித்தபோது நம் முகம் வாடிற்று. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு, மிதிவண்டியில் செல்லும் உரிமையும் அவர்கள் கேட்டனர். வெள்ளைத் துரைமார் முன்பு மட்டுமன்று, ஆசியச் சிப்பந்திகள் முன்பும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை! ஆசியச் சிப்பந்திகள் என்போர் யாவர்? கிராணிமாரே அல்லரோ? பண்டமாரான் கூட்டத்தில் பேசியபோது நாம் ‘துரைமார் முன்பு’ என்று மட்டும் கூறினோம். மற்றதை விட்டுவிட்டோம். அதை முன்னரே எங்கோ படித்திருந்தோம். மறந்ததாக நம்மையே நம்பவைத்துக்கொண்டோம். துரைமார் செய்ததைக் கூறக் குரல் ஓங்கிற்று. நம் இனத்தவராகிய சிப்பந்திகள் அத்தொழிலாளியைச் சேற்றில் இறக்கி நிறுத்தியதைக் கூற நா எழவில்லை. அரசாங்கத்தின் அறிக்கை ஒருபக்கச் சார்புடையது என்று குற்றம் கூறும் நாம், நம்முடைய மேடைப் பேச்சும் அத்தகையதே என்பதை உணர்தல் வேண்டும். சான்றை ஆராய்வோன் தன்னையும் ஆராயாவிடின், அவன் எடுத்ததெல்லாம் தனக்கு வேண்டியதாகவே இருக்கும்.

எழுத்தில் இல்லாதவற்றை என் செய்வது என்று சிலர் கேட்கலாம். நம் பாட்டிமார் நினைவில் உள்ளவை சான்றாகாவோ எனின், ஆகும். படை வந்த நாளில் லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியதை எந்த அறிக்கையும் எழுதாது. பாட்டி ஒருத்தியே கூறுவாள். அச்சம் எவ்வாறிருந்தது, உறவினர் என்ன பேசிக்கொண்டனர் என்பவற்றுக்கு அவள் வாய்ச்சொல் முதற்சான்று. எண்ணிக்கைக்கும் தேதிக்கும் அதனைத் தனியே நம்புதல் ஆகாது. நினைவு காலத்தால் வளரும். அவள் நேரில் கண்டதையும் பிறர் கூறக் கேட்டதையும் பிரித்துக் கேட்டு, கேட்ட நாளோடு குறித்து வைத்தல் நம் கடமை. அத்தலைமுறை விரைந்து மறைந்துகொண்டிருக்கிறது.

எழுத்தில் இல்லாமை நடவாமையைக் காட்டாது என்பதற்குச் சயாம்-பர்மா ரயில் பாதையே பெருஞ்சான்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைத்த அப்பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களுக்குப் படைப் பட்டியல் இருந்தது. காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழருக்கோ அத்தகைய பெயர்ப் பட்டியல் இல்லை. ஆதலால் இறந்த தமிழர் தொகையைப் பற்றி நூலுக்கு நூல் எண்கள் பெரிதும் மாறுபடுகின்றன. இங்கே நேர்மையான ஆய்வாளன் செய்யத்தக்கது யாது? தனக்குப் பிடித்த பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தலன்று. இன்னார் இவ்வளவு என்கிறார், இன்னார் இவ்வளவு என்கிறார், பட்டியல் வைக்காத காரணத்தால் உறுதி கூற இயலவில்லை என்று எழுதுதலே. பட்டியல் வைக்கப்படாமையே அக்கொடுமையின் ஒரு பகுதி என்பதை அவ்வாக்கியம் எந்தப் பெரிய எண்ணினும் தெளிவாகக் காட்டும்.

அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். கிள்ளான் வேலைநிறுத்தத்தை ஆராய்ந்தோர் எழுத்துகளில் நாம் காணும் தொகை ஐந்து. தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ‘நூற்றுக்கணக்கானவர்’ என்பதற்கு நாம் தேடிய எந்த மூலத்திலும் இடமில்லை. இதை அவருக்கு எழுதி அனுப்பினோம். மிதிவண்டிச் செய்தியில் நாம் விட்டதையும் சேர்த்தே எழுதினோம்.

ஐந்து என்றவுடன் நண்பர் ஒருவர், “என்ன, இவ்வளவுதானா?” என்றார். அக்கேள்வி நம் நெஞ்சைச் சுட்டது. நூறு என்று கூறிப் பழகியதனால் ஐந்து நமக்குச் சிறிதாய்விட்டது. ஐந்து உயிர் சிறிதா? நாட்கூலியில் சில காசும், பிள்ளைக்குப் பள்ளியும், மிதிவண்டியில் நிமிர்ந்து செல்லும் மானமும் கேட்ட குற்றத்திற்கு ஐந்து மனிதர் மாண்டனர் என்பதே ஓர் அரசாங்கத்தின் மீது குற்றம் சாட்டப் போதுமானது. நாம் நூறு என்று பெருக்கிக் கூறினால், எதிர்ப்பக்கத்தான் அவ்வெண்ணைப் பொய்யென்று எளிதில் நிறுவுவான். நிறுவியவுடன் உண்மையாக மாண்ட ஐவரும் அப்பொய்யோடு சேர்ந்து மறைக்கப்படுவர். மிகைப்படுத்துவோன் இறந்தோருக்குச் சிறப்புச் செய்வதாக எண்ணி, அவர்களை இரண்டாம் முறை புதைக்கிறான்.

ஆதலால் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள தமிழ்ப் பெற்றோருக்கு நாம் கூறுவது இது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஆய்வுக் கட்டுரை எழுத உட்கார்ந்தால், ‘விரைவில் முடி’ என்று அவசரப்படுத்தாதீர்கள். யார் எழுதியது, எப்பொழுது எழுதியது, எதற்காக எழுதியது, வேறு யார் தனித்து நின்று இதனையே கூறுகிறார் என்ற நான்கு கேள்விகளையும் கேட்டுப் பழகட்டும். பார்த்த பக்கத்தின் பெயரையும், பார்த்த நாளையும் குறித்து வைக்கட்டும். இணையப் பக்கம் இன்றிருந்து நாளை மறையும். வாட்ஸ்அப்பில் நம் இனப்பெருமையைக் கூறி ஒரு செய்தி வருமாயின், பிறருக்கு அனுப்புமுன் அந்நான்கு கேள்விகளை நீங்களும் கேளுங்கள். பகுத்தறிவு என்பது பிறர் மூடநம்பிக்கையைச் சுட்டுவதற்கு மட்டும் ஏற்பட்ட கருவியன்று. நமக்கு இனிக்கும் பொய்யை நாமே துப்புவதற்கும் ஏற்பட்டது.

பண்டமாரானில் அடுத்த கூட்டத்திற்கு நம்மை மீண்டும் அழைத்துள்ளனர். அன்று நாம் எழுந்து, சென்ற முறை கூறியது பிழை என்பதை முதலில் அறிவிப்போம். பிறகு ஐவரைப் பற்றிப் பேசுவோம்.